அக்காள் வீடும் தங்கை வீடும்: உதவிப் பணம் தொடாத காணி

வேலூரை அடுத்த இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் தங்கை இருக்கிறார். அக்காள் கிளிநொச்சியில். இருவர் வீட்டையும் கட்டியது இந்தியப் பணம். அக்காளுக்கு டெல்லி கொடுத்தது. அது வெளிநாட்டு உதவிக் கணக்கு. தங்கைக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்தது. அது நலத்திட்டக் கணக்கு. சாவி இருவர் கையிலும் இருக்கிறது. வீடு நிற்கும் மண்ணுக்கான காகிதம் இருவர் பெயரிலும் இல்லை.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். போருக்குப் பிறகு இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒருவர் “அது வராவிட்டால் சனம் இன்னும் தகரத்துக்குள்தான் கிடந்திருக்கும்” என்பார். இன்னொருவர் “அரசாங்கத்துக்கு வெள்ளையடித்த பணம்” என்பார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த இருவரின் அம்மா ஒரு கையெழுத்துப் போட மறுத்து ஒன்பது மாதம் தகரக் கொட்டிலில் உட்கார்ந்திருந்த கதைக்கு இரண்டுமே விளக்கம் தரவில்லை.

குடும்பத்தின் பெயர், ஊரின் பெயர், முகாமின் பெயர் மூன்றையும் விட்டுவிட்டேன். நான் 2004 முதல் சில வருடங்கள் அந்த முகாமில் மாலை வகுப்பு எடுத்தவன். தங்கையின் பிள்ளைகள் என்னிடம் கணக்குப் படித்தார்கள். இன்றும் அந்த வீட்டில் எனக்கு ‘சேர்’ என்றுதான் பெயர்.

குடும்பம்

அப்பாவுக்குக் கிளிநொச்சி மாவட்டத்தில் குடியேற்றத் திட்டக் காணி. வயல் கொஞ்சம், மேட்டுக்காணி கொஞ்சம், மாடுகள். 1990-ல் மறுபடி சண்டை தொடங்கியதும் பெண்பிள்ளைகள் இரண்டு பேரையும் மாமியோடு படகேற்றி அனுப்பினார்கள். அக்காளுக்கு அப்போது 15 வயது, தங்கைக்கு 11. மண்டபம் முகாமில் பதிவு, அங்கிருந்து வட ஆற்காட்டுப் பக்கம். நாலு வயதுத் தம்பியை அம்மா விடவில்லை. மாட்டை விட்டு அப்பா வரவில்லை.

பெண்கள் இருவரும் முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் செய்தார்கள். இரண்டு மருமகன்களும் பெயிண்டர்கள். முகாம் ஆண்களில் பாதிப் பேருக்கு அந்த வேலைதான். சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் அவர்கள் சுண்ணாம்போ எமல்ஷனோ அடிக்காத தெரு குறைவு. அப்பா 2001-ல் நோயில் இறந்த செய்தி மூன்று வாரம் கழித்து வந்தது. தம்பியை 2009 ஏப்ரல் கடைசியில் புதுமாத்தளன் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்குப் பின் தகவல் இல்லை. அம்மா மட்டும் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த வவுனியா முகாம்களிலிருந்தே கொடையாளர் சிக்கல் தொடங்கிவிட்டது. கிட்டத்தட்ட 3 லட்சம் பேர். வெளியே போக அனுமதி இல்லை. உள்ளே கூடாரம், தண்ணீர், சோறு எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுப் பணம். கொடுக்காவிட்டால் சனம் பட்டினி. கொடுத்தால் கம்பி வேலிக்குள் அடைத்து வைப்பதற்குச் செலவு செய்தது போலாகிறது. கொடுத்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனால் வேலியைப் பற்றிப் பேசாமல் சோற்றை மட்டும் பேசும் பழக்கம் அப்போதே படிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பணம் வந்த வழி

கொடுப்பவர்கள் எப்போதும் இப்படி வாய் மூடி இருக்கவில்லை. 2002 பிப்ரவரியில் நார்வே அனுசரணையோடு போர்நிறுத்தம். 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டாலர் என்று வாக்குக் கொடுத்தார்கள். சமாதானப் பேச்சு முன்னே போனால் பணம் வரும் என்று அதை முடிச்சுப் போட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, அந்த ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த ஆயத்தக் கூட்டத்துக்குப் புலிகள் போக முடியவில்லை, அமெரிக்காவில் தடை. அவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்கி டோக்கியோவையும் புறக்கணித்தார்கள். சுனாமி வந்தது. உதவிப் பணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து கையாள 2005 ஜூனில் பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளை நிறுத்தி வைத்தது. பணத்தைக் காட்டி அரசியலை நகர்த்தலாம் என்ற எண்ணம் அதோடு போயிற்று.

2009-க்குப் பிறகு மேசை திரும்பிவிட்டது. நிபந்தனை போட்டது கொழும்பு. வடக்கு மாகாணத்துக்கான ஜனாதிபதி செயலணி என்று ஒன்று. அதன் ஒப்புதல் இல்லாமல் எந்தத் தொண்டு நிறுவனமும் வடக்கில் வேலை தொடங்க முடியாது. சாலை, பாலம், கட்டடம் என்றால் கோப்பு நகரும். உளவள ஆலோசனை என்றாலோ காணாமற்போனவர்களின் குடும்பங்களைக் கூட்டிப் பேசுவது என்றாலோ நகராது. மேற்கு நாடுகள் கணக்குக் கேட்டால் கேட்காமல் கடன் தர சீனா இருந்தது. ஏ9 சாலையின் பெரும்பகுதி அப்படி வந்தது. இந்தியா ரயில் பாதைக்குக் கடன் கொடுத்தது. 2014 அக்டோபரில் 24 ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்தேவி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது.

2018-ல் நானும் அதே தண்டவாளத்தில்தான் கிளிநொச்சி போனேன். புது ஸ்டேஷன், பளபளவென்று. சற்றுத் தள்ளி, சண்டையில் சாய்ந்த பெரிய தண்ணீர்த் தொட்டி அப்படியே மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் நின்று ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கையெழுத்து

அக்காள் குடும்பம் 2011-ல் திரும்பிப் போனது. வேலூரில் எல்லோரும் தடுத்தார்கள், நானும்தான். “அம்மா தனிய இருக்கிறா, சேர்” என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்தது.

போன இடத்தில் தகரக் கொட்டில், மண் தரை. அந்தச் சமயத்தில்தான் இந்தியன் வீட்டுத்திட்டம் ஊருக்கு வந்தது. 2010 ஜூனில் அறிவித்த 50,000 வீடுகளில் முதல் 1,000 வீட்டை மாதிரிக்காக ஒப்பந்தக்காரர்களை வைத்துக் கட்டினார்கள். அது இழுத்தடித்தது. அப்புறம் வழியை மாற்றி, 2012 அக்டோபர் 2-ல் தொடங்கிய கட்டத்தில் காசைச் சனத்தின் கையிலேயே கொடுத்தார்கள். புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பழுதுபார்க்க 2,50,000. தவணை தவணையாக, இந்தியத் தூதரகத்திலிருந்து நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு. வீடு 550 சதுர அடி. யாருக்கு முதலில் என்பதற்குப் புள்ளி முறை. பட்டியலை ஊரிலேயே ஒட்டி, ஆட்சேபம் கேட்டார்கள். இடையில் அரசியல்வாதி கை வைக்க வழி குறைவு. நம் ஊர்த் தொகுப்பு வீட்டுப் பட்டியல்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

ஆனால் பட்டியலில் பெயர் ஏற, காணி உன்னுடையது என்று காட்ட வேண்டும்.

அரசு குடியமர்த்திக் கொடுத்த குடியேற்றத் திட்டக் காணிக்கு உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், கிடையாது, அனுமதிப்பத்திரம்தான். ‘பெமிட்’ என்பார்கள். பெமிட் அப்பா பெயரில். அது 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அப்பா வாரிசு நியமிக்காமல் இறந்திருந்தால், அட்டவணைப்படி பிள்ளைகளில் மகன் முதலில், மகள் பிறகு. ஐந்து வயது, பத்து வயது மூப்பு எல்லாம் பெண்ணுக்குச் செல்லாது. 2022-ல்தான் அதைத் திருத்தினார்கள். ஆக, 2012-ல் அந்தக் காணிக்கு முன்னுரிமை உள்ள பிள்ளை, காணாமற்போன தம்பி.

ஓர் அலுவலர், கெட்ட எண்ணத்தில் அல்ல, சுலபமான வழி என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள், அக்காள் பெயருக்கு மாற்றுவது எளிது. போரில் காணாமற்போனவர்களை இறந்தவர்களாகப் பதிய 2010-ல் ஒரு தற்காலிகச் சட்டம் போட்டிருந்தார்கள். ‘இறந்துவிட்டார்’ என்று சொல்லாமல் ‘காணவில்லை’ என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் 2016-ல்தான் வந்தது. அன்று கையில் இருந்தது ஒரே காகிதம்.

படிவத்தை அக்காள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அடுப்படியில் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு நடந்ததை அக்காள் என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார், மூன்று தடவையும் ஒரு சொல் மாறாமல். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம்.

“என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன். வீடு வேண்டாம்.”

ஒன்பது மாதம் அப்படியே கிடந்தது. பக்கத்துக் காணிகளில் அத்திவாரம் எழும்பியது. மழைக்கு இவர்கள் கொட்டிலில் தண்ணீர். அக்காளுக்கு அம்மா மீது கோபம். வேலூரிலிருந்து தங்கை போனில் அழுவார், “கையெழுத்த வையுங்கோ அம்மா, காகிதம்தானே” என்று. காகிதம்தானே என்று சொன்னதற்காகத் தங்கை இன்றும் வருத்தப்படுகிறார்.

கடைசியில் பிரதேச செயலகத்தில் வேறொரு இளம் அலுவலர் வழி கண்டுபிடித்தார். பெமிட்காரர் இறந்தால் அவருடைய மனைவி உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அம்மாவையே பயனாளி ஆக்கினார். அக்காள் குடும்பம் அதே குடும்ப அட்டையில் இருந்ததால் ஐந்து பேர், புள்ளி தேறியது. யாரும் யாரையும் சாகடிக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஒழுங்கையில் தனியாக இருந்த வயதான தம்பதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டு பேர் குடும்பம், புள்ளி போதவில்லை.

இதில் இந்தியாவின் தவறு என்ன? ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறர் காணியில் கட்டிவிடக் கூடாது, காகிதம் கேட்பது நியாயம். ஆனால் யோசித்தால் உறுத்துகிறது. 5,50,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது, கூரை எத்தனை அடி என்பதை எல்லாம் கொழும்போடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தவர்கள், காணாமற்போனவரின் குடும்பம் எந்தக் காகிதத்தைக் காட்டலாம் என்பதையும் பேசியிருக்கலாம். இந்தியா மட்டுமல்ல, உலக வங்கி, ஐரோப்பியர், ஐ.நா. அமைப்புகள் யாருக்கும் அந்தப் பேச்சு சௌகரியப்படவில்லை. காணியைத் தொட்டால் பின்னாலேயே இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணி வரும், காணாமற்போனவர் கணக்கு வரும். சுவரோடு நின்றுகொண்டார்கள். இந்த நிகழ்வில் அந்த இடைவெளியை அடைத்தவர் சட்டப் புத்தகத்தை ஒழுங்காக வாசித்த ஒரு சின்ன உத்தியோகத்தர்.

கட்டிய கதை

கட்ட ஆரம்பித்ததும் வீடு வளர்ந்தது, கடனும் வளர்ந்தது. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான வீடு என்றால் மணல் விலை ஏறும், மேசன் கிடைக்கமாட்டார். சீமெந்துக் கல்லை அக்காளும் கணவரும் இரவில் தாங்களே அரிந்தார்கள். கூரை மட்டத்துக்கு வரும்போது காசு தட்டுப்பட்டது. தாலிக்கொடி அடகுக்குப் போனது. பிறகு நுண்கடன் நிறுவனம் ஒன்றில் ஒன்றரை லட்சம். வாரக் கட்டணம், சேகரிக்க வரும் பையன் படலையில் நின்று கூப்பிடுவான். 2018-ல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனை அரசு தள்ளுபடி செய்தபோது எல்லை ஒரு லட்சம். இவர்கள் அதற்கு மேலே. மொத்தம் எட்டரை லட்சம் ஆனதாகக் கணக்குச் சொல்கிறார்.

அப்படியானால் கட்டிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அக்காள் கணவர் சிரித்தார். ஊரில் எழும்பிய வீடுகளில் முப்பதுக்கு மேல் அவர்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார், வேலூரில் பழகிய கை. வெளியாள் கம்பெனி வந்திருந்தால் அந்தக் கூலியும் வெளியே போயிருக்கும். தன் வீட்டு அடுப்படியை அம்மா சொன்ன திசையில் வைத்தார். புகை வெளியேற உயரத்தில் ஒரு வரிசைத் துளை. எந்த வீட்டு வரைபடத்திலும் அது கிடையாது.

இரும்பு வீட்டு விவகாரம் இதற்கு நேர் எதிர். 2016-ல் ஒரு பன்னாட்டு எஃகு நிறுவனம் மூலம் 65,000 பொருத்து வீடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 21 லட்சம் இலங்கை ரூபாய், கடனில். கல்வீடு அதில் பாதிக்கும் குறைவான காசில் முடியும் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்காரர்களும் கட்டடக்கலை அறிந்தவர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வெக்கை, விறகடுப்புக்கு ஒவ்வாது, இன்னொரு அறை இழுத்துக் கட்ட முடியாது, உள்ளூர் மேசனுக்கு வேலை இல்லை. மே மாதம் வேலூரில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மதியம் படுத்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரை வெயிலூர் என்றே கேலி செய்வார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. 2010-ல் யாரும் இப்படி வாயைத் திறந்திருக்க முடியாது. 2015-ல் ஆட்சி மாறியதால் வேண்டாம் என்று சொல்ல இடம் கிடைத்தது. அந்த அம்மா அதை யாரும் இடம் கொடுக்காத காலத்தில், அடுப்படியில் நின்று சொன்னவர்.

வேலூர்ப் பக்கம்

இலங்கையோடு வேலூருக்கு உள்ள தொடர்பு பழையது. கண்டியின் கடைசி அரசனை ஆங்கிலேயர் 1816-ல் கொண்டுவந்து வைத்தது எங்கள் கோட்டையில்தான். பாலாற்றங்கரையில் அவர் சமாதியான முத்துமண்டபம் இருக்கிறது. வெளிநாட்டு உதவிப் பணமும் எங்களுக்குப் புதிதில்லை. 1900-ல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் கொண்டுவந்த 10,000 டாலர், ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் இறந்த மனைவியின் நினைவாகக் கொடுத்தது. அதில் எழுந்த ஷெல் ஆஸ்பத்திரி இன்றும் கண் ஆஸ்பத்திரியாக நடக்கிறது. கொடுத்தவர் பெயர் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது என்பதைக் கவனித்தவன், கிளிநொச்சியில் அக்காள் வீட்டு முகப்பில் திட்டத்தின் பெயர் பதித்த பலகையைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

தங்கை 33 வருடம் பத்துக்குப் பத்து அறையில் இருந்தார். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். அந்த ஆண்டே ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆயிற்று, குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000-லிருந்து 1,500 ஆயிற்று, புது வீடுகளுக்கு வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டினார்கள். 2023 செப்டம்பரில் அதே மேல்மொணவூரில் வைத்து, பல மாவட்டங்களில் 79.70 கோடி ரூபாயில் கட்டிய 1,591 வீடுகளை முதல்வர் திறந்தார். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு 5 லட்சம் இந்திய ரூபாய். அக்காள் பெற்ற காசு அன்றைய மதிப்பில் இந்திய ரூபாய் இரண்டரை லட்சம்தான்.

தங்கைக்கும் இப்போது புது வீடு. ஒரு பைசா கடன் இல்லை. டைல்ஸ் தரை, உள்ளேயே கழிப்பறை. முதல் நாள் இரவு விசிறியைப் போட்டுவிட்டுத் தூங்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பட்டா கிடையாது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு எப்படிப் பட்டா? 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. தங்கையின் மூத்த மகன் இங்கேயே பிறந்து பி.காம் முடித்தவன், அவனுக்கும் அதே நிலை.

வீடியோ காலில் அக்காளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். நானும் இருந்தேன்.

“முன்னால ஒரு பத்தி இறக்கலாமே?” என்று கேட்டார் அக்காள். பத்தி என்றால் சாய்ப்பு.

“எங்கட இஷ்டத்துக்கு ஏலாது அக்கா. கேட்டுத்தான் செய்யவேணும்.”

“ம்.” கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு ஆரையும் கேக்கத் தேவையில்ல. கடன்காரனத்தான் கேக்கவேணும்.” இருவரும் சிரித்தார்கள்.

அம்மா 2019-ல் இறந்தார். அம்மா உயிரோடு இருக்கும்வரைதான் அந்த ஏற்பாடு. அதனால் பெமிட் கேள்வி பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. சட்டம் திருந்தி மகளுக்கு வழி திறந்தாலும், தம்பியைப் பற்றி ஏதாவது எழுதாமல் கோப்பு நகராது.

போன மாதம் அக்காள் வாட்ஸ்அப்பில் ஒரு படிவத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார், சரியாக நிரப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி. பிள்ளைகள் விபரம் என்ற கட்டத்தில் மூன்று பெயரும் பிறந்த தேதியோடு இருந்தன. பக்கத்தில் ‘உயிருடன் / இறந்தவர்’, பொருந்தாததை வெட்டவும் என்று அச்சடித்திருந்தது. தன் வரியிலும் தங்கை வரியிலும் வெட்டியிருந்தார். தம்பி வரியில் இரண்டையும் அப்படியே விட்டிருந்தார்.

சரியாக இருக்கிறது அக்கா, அனுப்புங்கள் என்று பதில் போட்டேன்.